எழுதிய குறும்படம் ஒன்று, திரையில் வந்தது வேறொன்று: இவ்வளவு மாறுவது வழக்கமா?

காகிதப்பூ (கேள்வி)

வணக்கம். நான் எழுதிய ஒரு குறும்படத்தின் ரஃப் கட், அதாவது எடிட்டிங்கில் முதலில் கோத்துப் பார்க்கும் வடிவம், போன வாரம் பார்த்தேன். இயக்கியவர் நண்பர்தான், எங்களுக்குள் மனக்கசப்பு எதுவும் கிடையாது, படமும் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் நான் எழுதியது இது இல்லையே என்ற நினைப்பு மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கதை சின்னது. காது மந்தமான ஒரு அப்பா. வீட்டை விற்க அவரிடம் கையெழுத்து வாங்க வரும் மகன். கூடவே இருந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள். மகன் பேச்சை எடுத்தாலே அப்பா காதிலிருக்கும் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். அவர் வேண்டுமென்றேதான் கழற்றுகிறார் என்பது மகளுக்குத் தெரியும், மகனுக்குத் தெரியாது.

ஸ்கிரிப்ட் பதினான்கு பக்கம், ரஃப் கட் ஒன்பது நிமிடம். அண்ணனும் தங்கையும் சமையலறையில் பேசிக்கொள்ளும் நீண்ட காட்சி ஒன்று எழுதியிருந்தேன். இத்தனை வருடம் தனியாகப் பார்த்துக்கொண்ட கோபம் முழுவதையும் அவள் அங்கேதான் கொட்டுவாள். படமும் பிடித்தார்கள், ஆனால் ரஃப் கட்டில் அது மொத்தமாக இல்லை. இரவில் மொட்டைமாடியில் நடக்க வேண்டிய கடைசிக் காட்சி பகலில் முன் அறையில் நடக்கிறது. முடிவில் பின்னணியில் ஒலிக்கும் அப்பாவின் குரலை எடுத்துவிட்டார்கள். நடுவில் நான் வைத்திருந்த, அப்பா தனியாக உட்கார்ந்து கருவிக்குப் பேட்டரி மாற்றும் காட்சி இப்போது படத்தின் முதல் காட்சி.

இது எல்லாப் படத்துக்கும் நடப்பதுதானா? எந்தக் கட்டத்தில் எது, ஏன் மாறுகிறது? எழுதுகிறவர் இதை முன்கூட்டியே யோசித்து எழுத முடியுமா? படப்பிடிப்பிலும் எடிட்டிங்கிலும் இருந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ரஃப்கட்

நான் எடிட்டர். குறும்படங்கள்தான் அதிகம் செய்கிறேன். வழக்கம்தான், அதிலும் குறும்படத்தில் இது இன்னும் கடுமையாக நடக்கும். இரண்டு மணி நேரப் படத்தில் மூன்று நிமிடக் காட்சி ஒன்று கொஞ்சம் தொய்ந்தாலும் படம் தாங்கிக்கொள்ளும். ஒன்பது நிமிடப் படத்தில் அதே மூன்று நிமிடம் மூன்றில் ஒரு பங்கு.

முதலில் நீளம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கை எல்லோரும் சொல்வார்கள். வழக்கமான திரைக்கதை வடிவத்தில், ஆங்கிலத்தில் 12 புள்ளி கூரியர் எழுத்தில் அடித்தால் சராசரியாக வரும் கணக்கு அது. ‘அவர்கள் வீடு முழுக்கத் தேடுகிறார்கள்’ என்று ஒரு வரி எழுதினால் திரையில் அது ஒன்றரை நிமிடமும் ஆகலாம், ஆறு நொடியும் ஆகலாம். படபடவென்று பேசும் சண்டை இரண்டு பக்கம் இருந்தாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே பதினான்கு ஒன்பதானதில் எவ்வளவு வெட்டப்பட்டது, எவ்வளவு வேகத்தால் சுருங்கியது என்று பிரித்துப் பாருங்கள். ஸ்டாப்வாட்சைப் போட்டு, அசைவுகளுக்கும் நேரம் விட்டு, உரக்க வாசித்தால் அசல் நீளம் ஓரளவு பிடிபடும்.

அடுத்து சமையலறைக் காட்சி. உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் நீங்கள் சொன்னதை வைத்தே அது ஏன் போயிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அந்தக் காட்சி செய்யும் வேலை என்ன? அப்பா வேண்டுமென்றேதான் கழற்றுகிறார் என்பது, மகளுக்குக் கோபம் இருக்கிறது என்பது. காகிதத்தில் இந்த இரண்டையும் வாசகருக்குச் சொல்ல யாராவது ஒருவர் வாய் திறந்தாக வேண்டும். திரையில் அப்படி இல்லை. மகன் பேச ஆரம்பிக்கிறான், அப்பாவின் கை காதுக்குப் போகிறது, கட், கதவோரம் நிற்கும் மகள் அதைப் பார்த்துவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்புகிறாள். மூன்று ஷாட். அவளுக்குத் தெரியும் என்பதும், இதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள் என்பதும், அவளுக்கு அலுத்துவிட்டது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. அதன்பிறகு சமையலறையில் அவள் அதையே வசனமாகச் சொல்லும்போது பார்வையாளர் அவளுக்கு ஒரு படி முன்னால் இருக்கிறார். எடிட்டர்களைக் கேட்டால் தெரியும், இதுதான் எங்களுக்கு ஆகவே ஆகாத நிலைமை.

ஷாட்டுகளை அடுத்தடுத்து வைக்கும்போது எதிலும் இல்லாத ஓர் அர்த்தம் பிறக்கிறது என்பது பழைய கண்டுபிடிப்பு. நூறு வருடத்துக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலஷோவ் என்ற இயக்குநர் ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை ஒரு சூப் கிண்ணம், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டதாகச் சொல்வார்கள். அந்தப் படச்சுருள் இன்று இல்லை, அவருடைய மாணவர் புதோவ்கின் எழுதிய விவரிப்பு வழியாகத்தான் பெரும்பாலும் நமக்குத் தெரியும். ஆனாலும் தினமும் எடிட்டிங் டைம்லைனில் நான் பார்ப்பது அதைத்தான். மகளாக நடித்தவர் அந்த ஷாட்டில் ஒன்றுமே செய்யாமல் சும்மா பார்த்திருக்கலாம். அப்பாவின் கைக்குப் பக்கத்தில் வைத்ததும் அந்தப் பார்வைக்குள் பத்து வருடம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்கிரிப்ட் எழுதும்போது இந்த வசதி உங்களுக்குக் கிடையாது. உங்களிடம் இருப்பது வார்த்தைதான், அதனால் வார்த்தையில் எழுதினீர்கள். அதில் தவறு ஏதும் இல்லை.

பேட்டரிக் காட்சி முன்னால் வந்ததும் எனக்குப் புரிகிறது. குறும்படத்தில் பார்வையாளர் யாரோடு நிற்க வேண்டும் என்பது முதல் நிமிடத்துக்குள் முடிவாகிவிட வேண்டும். அப்பா தனியாக, பொறுமையாக, நடுங்கும் விரலால் அந்தப் பொடிப் பேட்டரியை மாற்றுவதை முதலில் பார்த்துவிட்டால், பிறகு அவர் கழற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் கருவி அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது கூடவே வரும். நடுவில் இருந்தபோது அது ஒரு தகவல். முன்னால் வந்ததும் மொத்தப் படத்துக்கும் அடித்தளம் ஆகிவிட்டது.

குரல் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. முடிவில் வரும் வாய்ஸ்ஓவர் பல படங்களில் போய்விடும், உங்களுடையதும் போயிருக்கிறது.

---

கிளாப்போர்டு

நான் உதவி இயக்குநர். இரவு பகலாகவும் மொட்டைமாடி முன் அறையாகவும் மாறியது எடிட்டிங் டேபிளுக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, ஷெட்யூல் போடும்போதே நடந்திருக்கும்.

ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலை பிரேக்டவுன். ஒவ்வொரு காட்சியிலும் யார் வருகிறார்கள், எங்கே, பகலா இரவா, என்ன பொருள் வேண்டும், என்ன சத்தம் தொந்தரவு தரும் என்று பிரித்து எழுதுவது. அப்புறம் ஒரே இடத்தில் நடப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்ப்போம், அதனால்தான் கதையின் வரிசைக்கும் படப்பிடிப்பு வரிசைக்கும் சம்பந்தமே இருக்காது. அந்த நேரத்தில் ‘இரவு, மொட்டைமாடி, மூன்று பேர், நான்கு பக்கம்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டால் எல்லோருக்கும் தலை சுற்றும். இரவு வெளிப்புறம் என்றால் ஒளி முழுவதையும் நாம் கொண்டுபோக வேண்டும், மின்சாரம் இழுக்க வேண்டும், பின்னணியில் தெரிகிற இருட்டுக்கும் கொஞ்சமாவது வெளிச்சம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று முகங்கள் கறுப்புக்குள் மிதக்கும். வயதான நடிகர் என்றால் நடுராத்திரியில் கடைசிக் காட்சியின் கனத்தை அவரிடம் கேட்பது இன்னும் கஷ்டம். காற்று வீசினால் ஒலி போச்சு.

இது சமரசம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நல்ல இயக்குநர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்: இந்தக் காட்சிக்கு இரவு எதற்கு? பதில் ‘சும்மா ஒரு மூடுக்கு’ என்றால் பகலுக்கு மாற்றலாம். ‘எல்லோரும் தூங்கிய பிறகுதான் அவர் வாய் திறப்பார்’ என்றால் மாற்றக் கூடாது, வேறு எதையாவது விட்டுக்கொடுத்து அந்த இரவைக் காப்பாற்ற வேண்டும். எழுதும்போதே அந்தக் காரணம் காட்சிக்குள் தெரிந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. காட்சித் தலைப்பில் ‘இரவு’ என்று மட்டும் இருந்தால் ஷெட்யூலில் முதலில் அடிபடுவது அதுதான்.

இன்னொன்று. படப்பிடிப்பில் நடிகர்கள் நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கும்போதே பாதிக் காட்சி மாறிவிடும். நீங்கள் மூவரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்து எழுதியிருப்பீர்கள். ஒத்திகையில் மகள் உட்காரவே மாட்டாள், சுவரில் சாய்ந்து நிற்பாள், அதுவே சரி என்று எல்லோருக்கும் தோன்றும். அந்த நொடியே அவளுடைய நான்கு வசனம் தேவையில்லாமல் போய்விடும். ஸ்பாட்டில் இப்படி மாறுவதையெல்லாம் ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் குறித்து வைப்பார். பெரிய படங்களில் திருத்திய பக்கங்களை நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வேறு வேறு நிறத் தாளில் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது, யார் கையில் எந்தத் திருத்தம் இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதற்காக. குறும்படத்தில் இதையெல்லாம் யாரும் செய்வதில்லை, அதனால்தான் எழுத்தாளருக்கு ரஃப் கட்டில் மொத்தமாக அதிர்ச்சி கிடைக்கிறது.

---

எழுத்தாணி

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘வழக்கம்தான்’ என்று சொல்லி முடித்துவிடும்போது, எந்த மாற்றம் நடந்தாலும் அது படத்துக்கு நல்லதுக்குத்தான் என்பது போல ஆகிவிடுகிறது. அப்படி இல்லை.

சமையலறைக் காட்சி போனதால் படம் வேகமாகியிருக்கலாம். அந்தக் காட்சியோடு மகளும் போனாளா என்று பார்க்க வேண்டும். காகிதப்பூ எழுதியதைப் படித்தால், தனியாகப் பார்த்துக்கொள்ளும் சுமை எப்போதும் ஒருத்தியின் தலையில் விழுகிறது என்பதும் இந்தக் கதையின் ஒரு பாதி. மூன்று ஷாட்டில் அவளுக்கு விஷயம் தெரியும் என்பதைக் காட்டலாம். அவளுக்கு என்ன ஆயிற்று என்பதைக் காட்ட முடியுமா? அது இல்லாவிட்டால் மிஞ்சுவது பிடிவாதக்கார அப்பா, அவசரக்கார மகன் என்று ஏற்கெனவே பலர் எடுத்த படம். பார்வையாளருக்குப் புரிந்துவிட்டது என்பதோடு எடிட்டர் நின்றுவிடக் கூடாது. புரிவது வேறு, உறைப்பது வேறு.

நான் சொல்வது அந்த நீண்ட வசனத்தைத் திருப்பி வையுங்கள் என்று அல்ல. ஒரு காட்சியை எடுக்கும்போது அது சுமந்துகொண்டிருந்ததை எல்லாம் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றும் வேறு எங்காவது போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். சேராதது ஏதாவது இருந்தால் அது இழப்பு. அப்போது இயக்குநரிடம் ‘என் காட்சியை ஏன் வெட்டினீர்கள்’ என்று கேட்க வேண்டாம். ‘மகளின் கோபம் இப்போது படத்தில் எங்கே இருக்கிறது’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர் தன் பக்க நியாயத்தைச் சொல்வார், இரண்டாவதற்கு அவரே தேட ஆரம்பித்துவிடுவார்.

---

பூம்மைக்

ஒலிக்காரன் பக்கத்திலிருந்து கொஞ்சம். இந்தக் கதையைப் படித்ததும் எனக்குக் கை துறுதுறுவென்று இருக்கிறது, ஏனென்றால் இது முழுக்க முழுக்க ஒலியில் நடக்கிற கதை. மேலே எல்லோரும் படத்தைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார்கள்.

அப்பா கருவியைக் கழற்றியதும் ரஃப் கட்டில் என்ன கேட்கிறது? மொத்தமாக அமைதியாக்கியிருந்தால் இயக்குநரிடம் தயவுசெய்து பேசுங்கள். வயதாகிக் காது மந்தமாகும்போது பொதுவாக முதலில் குறைவது உயர் அதிர்வெண்கள். பேச்சில் ஸ, ஷ போன்ற கீச்சு ஒலிகளும் பல மெய்யெழுத்துகளும் மங்கிவிடும், உயிரெழுத்துகளின் ஓசை மிஞ்சும். அதனால்தான் பெரியவர்கள் ‘பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு தெரியலை’ என்பார்கள். மகனின் குரலை அப்படியே வைத்து மேல் அதிர்வெண்களை மட்டும் படிப்படியாக வெட்டினால் அவன் கத்துவது தெரியும், வார்த்தை தெரியாது. நீங்கள் எழுதிய கடைசி வாய்ஸ்ஓவர் என்ன சொல்ல வந்ததோ தெரியாது, ஆனால் அப்பாவின் காதுக்குள் பார்வையாளரை உட்கார வைப்பதுதான் நோக்கம் என்றால் அந்த வேலையை இது செய்யும்.

இன்னொன்று, முக்கியமானது. ஓடிக்கொண்டிருக்கும் கருவியைக் காதிலிருந்து எடுத்து உள்ளங்கையில் மூடினால் பெரும்பாலும் ‘கீ...’ என்று ஒரு விசில் வரும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி திரும்ப அதன் மைக்குக்குள்ளேயே போவதால் வருவது அது. படப்பிடிப்பில் நிஜக் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் ஸ்பாட் ஒலியில் அது இருக்கலாம். இருந்தால் அது புதையல். முதல் தடவை கழற்றும்போது கையையும் காட்டி விசிலையும் கேட்க வைத்துவிடுங்கள். இரண்டாம் தடவை அப்பாவைக் காட்டவே வேண்டாம். மகள் வேறு ஏதோ வேலையில் இருக்கிறாள், உள் அறையிலிருந்து மகனின் குரல், நடுவில் அந்தக் ‘கீ’. அவள் கை நிற்கிறது. எழுத்தாணி கேட்ட கோபத்துக்கு அங்கே இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இப்போது முகம் முழுக்க அவளுடையது, திரையில் வேறு யாரும் இல்லை.

அதோடு அந்த அறையின் வெற்று ஒலியை, யாரும் பேசாமல் ஒரு நிமிடம், பதிவு செய்தார்களா என்றும் கேளுங்கள். வெட்டிய வசனங்களின் இடத்தை நிரப்ப அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் காதில் இடிக்கும்.

---

காகிதப்பூ

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

பூம்மைக், உங்கள் பதிலைப் பார்த்ததும் நண்பருக்குப் போன் போட்டேன். நிஜக் கருவிதான். விசில் வந்திருக்கிறது, அதைத் தொந்தரவு என்று நினைத்து ரஃப் கட்டில் எல்லா இடத்திலும் துடைத்துவிட்டார்கள். அசல் ஒலிக் கோப்பு பத்திரமாக இருக்கிறது. அறை ஒலியும் இருக்கிறது.

எழுத்தாணி சொன்னபடி சமையலறைக் காட்சியில் இருந்ததை எழுதிப் பார்த்தேன். அவளுக்கு விஷயம் தெரியும், வந்தாயிற்று. அண்ணன் மேல் எரிச்சல், ஓரளவு வந்தாயிற்று. ஆனால் நான் மிகவும் விரும்பி எழுதிய ஒன்று எங்கேயும் இல்லை: அப்பா தன்னிடமும் சில நாட்களாகக் கழற்ற ஆரம்பித்துவிட்டார் என்று அவள் சொல்லும் வரி. அவளுடைய கோபம் முழுக்க அதில்தான் இருந்தது. நண்பரிடம் இதைச் சொன்னதும் அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அவருக்கும் அது பிடித்த வரிதான், காட்சியோடு சேர்ந்து போய்விட்டது.

இப்போது என் கேள்வி: சமையலறைக் காட்சியிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியுமா? அதில் அவள் அண்ணனைப் பார்த்துப் பேசுகிறாள், உடை வேறு, வெளிச்சம் வேறு. ரீஷூட் செய்ய வசதி இல்லை.

---

ரஃப்கட்

எழுத்தாணி சொன்னது நியாயம். மகளைப் பற்றி நான் யோசித்தது போதாதுதான்.

வரியை எடுத்து வைக்கலாம், குரலை மட்டும் எடுத்து அவள் முதுகு காட்டும் ஷாட்டில் போடுவது எல்லோரும் செய்வதுதான். உடையும் வெளிச்சமும் பொருந்தாதது பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் எங்கே வெட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் ஆறு விஷயங்களுக்கு எடை போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. பார்வையின் தடமும் இடத்தொடர்ச்சியும் எல்லாம் சேர்ந்தே மிச்சம் 16 தான். பார்க்கிறவர் அவளோடு இருந்தால் ஜாக்கெட் நிறத்தைப் பார்க்க மாட்டார்.

ஆனால் இந்தப் படத்துக்கு அந்த வரி வசனமாகவே வேண்டுமா என்று முதலில் பார்ப்பேன். இப்படி முயன்று பாருங்கள். மகன் கிளம்பிப் போன பிறகு மகளும் அப்பாவும் மட்டும் இருக்கும் ஏதாவது ஷாட் எடுத்திருக்கிறார்களா? சாப்பாடு வைப்பது, மருந்து கொடுப்பது, எதுவானாலும் சரி. அவள் ‘அப்பா’ என்று கூப்பிட வேண்டும், அவர் திரும்பக் கூடாது, அவ்வளவுதான் தேவை. கூப்பிடுவதை எந்த டேக்கிலிருந்தும், அதாவது படம்பிடித்த எந்தத் தடவையிலிருந்தும் எடுக்கலாம், இல்லாவிட்டால் நடிகையை வரவழைத்து ஒரே ஒரு சொல்லை டப் செய்யலாம், செலவே இல்லை. அந்தச் சொல் முடிவதற்குள் விசில் வர வேண்டும். இதுவரை மகனுக்கு நடந்தது இப்போது அவளுக்கு நடக்கிறது, அவள் சொல்லியிருக்க வேண்டிய வரி அப்படியே நம் கண்முன் நடந்துவிடுகிறது. அது வேலை செய்யாவிட்டால் வசனத்துக்குத் திரும்பலாம், இரண்டையும் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். உங்கள் இரண்டு பேருக்கும் கதை மனப்பாடம், நீங்கள் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

நீளம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. கேன் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டிக்கு டைட்டிலோடு சேர்த்து 15 நிமிடம் வரை அனுமதி, ஆஸ்கரில் 40 நிமிடம் வரை குறும்படம் என்றே கணக்கு. ஒன்பது பத்தாவதால் எதுவும் கெடாது.

ஒரு விஷயம் அவசரம். விசில் எல்லாம் ஒலி வடிவமைப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று நண்பர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விசில் கேட்டு, அவள் கை நின்று, அப்புறம் திரும்ப வேண்டுமென்றால் அந்த ஷாட்டின் முன்னால் ஒரு நொடி, அதாவது 24 ஃபிரேமாவது கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். பிக்சர் லாக் ஆகிவிட்டால், அதாவது வெட்டுகள் எல்லாம் இறுதியாகிவிட்டால், அந்த ஒரு நொடியை யாரும் திறந்து தர மாட்டார்கள், ஏனென்றால் இசையும் டிஐயும் (நிறத் திருத்தம்) அந்த நீளத்தை நம்பி ஆரம்பித்திருக்கும். இந்த வாரமே அந்த ஷாட்டின் முழு டேக்கையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.